ஏழாம் இடத்துக் கண்

பல் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகள்தான் கால்வாய்க் குழுவின் சபை. ஞாயிற்றுக்கிழமை பல் பிடுங்குவதில்லை என்பதால் அன்றைக்கு ஊர் விவகாரம். குழுவில் இருந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கால்வாயின் ஒன்பது இடங்களில் தண்ணீர் எடுத்து, எவ்வளவு தெளிவு என்று அளந்து, சுற்றுச்சூழல் துறையின் செயலியில் ஏற்றுகிறவர்கள். சம்பளம் கிடையாது. துறை ஆளுக்கொரு தொப்பி கொடுத்திருந்தது. வெயிலில் போட்டால் சாயம் நெற்றியில் இறங்கும் தொப்பி.

"யாரும் வாயைத் திறக்காம இதைப் பாருங்க," என்றார் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிற பெண்மணி. ஒவ்வொரு கூட்டத்திலும் இதையே சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் நாலு பேர் சிரித்து வைப்பார்கள்.

புரொஜக்டர் வெளிச்சத்தில், இடத்துக்கு ஒன்றாகச் சுவரில் ஒன்பது கோடுகள் விழுந்தன. எட்டுக் கோடுகள் நிழலில் படுத்த நாய்கள் மாதிரி நீட்டிக் கிடந்தன. ஏழாவது மட்டும் பாதித் தூரம் நிமிர்ந்து வந்து, ஓரிடத்தில் தடாலென்று விழுந்து, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"ஏழாம் இடம். சலவை ஆலையோட குழாய் வந்து விழற இடம். ஆஸ்பத்திரி துணி, ஓட்டல் துணி எல்லாத்தோட அழுக்கும் அங்கதான். கோடு விழற மாசம் எது தெரியுதா? ஆலை ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிச்ச அதே மாசம்." டாக்டரின் குரலில் கடைவாய்ப் பல் முழுசாகக் கையோடு வந்த சந்தோஷம். "மக்கள் அளந்ததை நாங்க ஒத்துக்கறோம்னு துறை எழுதிக் கொடுத்திருக்கு. விசாரணை வெச்சிருக்காங்க. இந்த ஒரு கோடு போதும். ரெண்டாவது ஷிஃப்டை மூடிடலாம்."

எல்லோரும் திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்கள். ஏழாம் இடம் அவனுடையது. அதற்கு முன்னால் அவன் மனைவியுடையது.

பக்கத்தில் மச்சினன் உட்கார்ந்திருந்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சும்மா நாற்காலியில் இருக்கும்போதும், யாராவது வேகமாகப் பேசினால் அவன் வலது கால் தரையை அழுத்தும். அவன் அக்காதான் அவனுக்கு 'பிரேக்கு' என்று பேர் வைத்தாள். அவள் போன பிறகும் அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

"அக்கா சாதிச்சுட்டா மாமா," என்று காதில் சொன்னான். கண் நனைந்திருந்தது. "அந்த ஆலைக்கு மணி கட்டிட்டுத்தான் போயிருக்கா."

அவன் தலையாட்டினான். கோடு விழுந்த மாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதத்தை அவனுக்கு வேறு விதத்தில் தெரியும். அவன் மனைவி செத்துப்போன மாதம் அது.

*

தெளிவு பார்க்கும் கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கை நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் வெள்ளைத் தட்டு, அதில் ஒரு கறுப்புக் குறி. மேலே இருந்து எட்டிப் பார்த்தபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். குறி எப்போது கண்ணுக்கு மறைகிறதோ, அப்போது தண்ணீர் நிற்கிற உயரம்தான் அளவு. தெளிந்த தண்ணீர் என்றால் குழாய் நிறையும் வரை குறி தெரியும். சாக்கடை என்றால் ஒரு விரல் உயரத்திலேயே கண்ணாமூச்சி ஆடிவிடும்.

ஆக, அளப்பது குழாய் அல்ல, கண்.

அவள் புதிதாகச் சேர்ந்தபோது கால்வாய்த் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து குளியலறையில் வைத்துப் பழகினாள். அவனையும் பார்க்கச் சொன்னாள். ஒரே வாளி, ஒரே குழாய், ஒரே வெளிச்சம். அவளுக்குத் தெரிந்த குறி அவனுக்கு நாலு விரற்கடை முன்னாலேயே மறைந்துவிட்டது. மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும் நாலு விரற்கடை.

"நீங்கல்லாம் எப்படித்தான் லிஃப்டைச் சோதிச்சு கையெழுத்துப் போடறீங்களோ," என்றாள். "கம்பி அறுந்திருந்தாக்கூட தெரியாது போல."

"லிஃப்டைக் கண்ணால பார்க்கறதில்ல. ஏறிப் போய்ப் பார்க்கறது."

"அதான் உயிரோட இருக்கீங்க."

ஒரே இடத்தை இரண்டு பேர் அளந்தால், ஒரே தண்ணீரை இருவரும் பார்த்து வித்தியாசத்தைப் பதிய வேண்டும் என்று விதி இருந்தது. கண் ஒப்பீடு என்று அதற்குப் பேர். ஆனால் அவன் அளக்கிறவன் இல்லையே. குளியலறை விளையாட்டை யார் பதிவது? சிரித்துவிட்டு வாளியைக் கவிழ்த்தார்கள். வீடு இரண்டு நாள் நாறியது.

பிறகு ஒருநாள் காலை அவள் தலையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் பணியிலிருந்த டாக்டர் அவன் தோளில் கை வைத்து, "இதுல யார் மேலயும் தப்பில்ல சார்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.  யார் மேலாவது தப்பு இருந்திருந்தால் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அவள் கைபேசியில் செயலி கூப்பிட்டது: 'இந்த வார அளவு இன்னும் வரவில்லை.' கணக்கை மூடிவிடலாம் என்று உள்ளே போனான். விலகக் காரணம் கேட்டது. நேரமில்லை, ஆர்வமில்லை, வேறு ஊருக்கு மாற்றம். மூன்றுதான். நாலாவது காரணம் துறைக்குத் தோன்றவில்லை. எதை அழுத்துவது? குழாயை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனான். அளந்தான். அவள் கணக்கிலேயே ஏற்றினான். 'அருமை, விடாமல் தொடர்கிறீர்கள்' என்று செயலி அவளைப் பாராட்டியது.

அன்றிலிருந்து ஒரு வாரமும் விட்டதில்லை. வேறு எதிலும் அவனுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சமையலறை விளக்கு எரியாமல் கிடக்கிறது, மாற்றவில்லை.

*

கூட்டம் கலைந்ததும் மச்சினனை அனுப்பிவிட்டு டாக்டரிடம் நின்றான்.

"அந்தக் கோடு ஆலையால விழல டாக்டர். என் கண்ணால விழுந்தது."

வாளிக் கதையைச் சொன்னான். டாக்டர் புரொஜக்டர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் சுருட்டுவது நின்றது.

"புதுக் கணக்கு தொடங்கலையா நீ?"

"இல்ல."

"ஏன்பா?"

அவன் கீழே தொங்கிய கம்பி முனையை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தான். டாக்டர் வற்புறுத்தவில்லை. நோயாளிகள் சாய்ந்து படுக்கும் நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தார்.

"ஆலைக்காரன் யோக்கியமா?"

"இல்ல. அவ அளந்தப்பவும் தண்ணி மோசம்தான். இப்பவும் மோசம்தான்."

"அப்புறம் என்ன?"

"அந்த மாசம் திடீர்னு மோசமாகல. கேஸே அதுதானே?"

"மத்த எட்டுக் கோட்டை வெச்சுக்கிட்டு நான் நாக்கு வழிக்கத்தான் முடியும் தம்பி." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு இன்னொண்ணு தெரியாது. ஏழாம் இடத்துல அளந்த ஆளை நேர்ல பார்க்கணும்னு ஆலை வக்கீல் கேட்டிருக்கான். துறையில உன் பொண்டாட்டி பேருக்குக் கடிதம் போட்டிருக்காங்க."

அந்தக் கடிதம் அவன் வீட்டு மேஜையில் பிரிக்காமல் கிடந்தது. அவள் பேருக்கு வருகிற எதையும் அவன் பிரிப்பதில்லை.

"நீ நிஜத்தைச் சொன்னா என்ன ஆகும்னு துறையில பொதுவா கேட்கற மாதிரி கேட்டுப் பார்க்கறேன்," என்றார் டாக்டர்.

கேட்டார். மறுநாள் சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு, பல் செட்டுகள் காய்கிற ஜன்னலோரம் நிற்கவைத்துச் சொன்னார். ஒப்பீடு இல்லாமல் நடுவில் கண் மாறியிருந்தால் அந்த இடத்தின் கணக்கு அடியோடு தள்ளுபடி. அவன் அளந்தது மட்டுமல்ல, அவள் அளந்ததும்.

"அவ அளந்ததும் ஏன்? அவ சரியாத்தானே அளந்தா?"

"எது யார் அளந்ததுன்னு நிரூபிக்க வழியில்லையாம். மொத்தமா துடைச்சிடுவாங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு வழி இருக்கு. கணக்கு யார் பேர்ல இருக்குங்கறது துறைக்கு முக்கியமில்ல. யார் பார்த்தாங்கங்கறதுதான் முக்கியம். சிலிண்டர் பொண்டாட்டி பேர்ல, சிம் கார்டு பையன் பேர்ல, அப்படித்தானே நம்ம வீடுகள்ல? ஆரம்பத்துலருந்து நான்தான் அளந்தேன், கணக்கு மட்டும் அவ பேர்லன்னு நீ சொன்னா, பேரைத் திருத்திடுவாங்க. ஒரே கண். கோடு நிக்கும்."

"அவ?"

"அவ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?"

செத்தவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு சௌகரியம். கேட்கிறவருக்கு வேண்டிய பதிலைத்தான் அவர்கள் சொல்வார்கள். 

"குழுவுல யாரும் மூச்சு விட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றார் டாக்டர். பிறகு, வெட்கப்பட்டவர் போல, "என் கிளினிக்குக்கு வர்ற குழந்தைங்க அந்தத் தண்ணிப் பக்கத்துலதான் வெளையாடுதுங்க தம்பி," என்றார்.

அது நிஜம்தான். அதனால்தான் கஷ்டம்.

வீட்டுக்கு வந்து யோசித்தான். ஏறிப் பார்க்காத லிஃப்டுக்கு இதுவரை அவன் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக அலுவலகத்தில் அவனைக் கிறுக்கன் என்பார்கள். நிஜத்தைச் சொன்னால் ஆலை ஜெயிக்கும், அவள் அளந்த அத்தனையும் குப்பைக்குப் போகும். பொய் சொன்னால் அவள் அளவுகள் நிற்கும், ஆனால் அவன் பேரில். எப்படிப் பார்த்தாலும் அவள் இல்லை.

இத்தனை நியாயங்களுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவன் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோடு விழுந்தது அவள் போனதால். அதற்கு ஓர் ஆலையைத் தண்டிக்கப் போகிறார்கள். கடைசியில் யார் மேலோ தப்பு இருக்கப்போகிறது. அந்த நினைப்பு நாக்கில் இனித்தது. அதுதான் அவனுக்கே பயமாக இருந்தது.

*

விசாரணை, துறை அலுவலகத்தின் மாடியில். நீளமான மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஓடாத கடிகாரம். விசாரணை அதிகாரி நல்ல மாதிரியான பெண். எல்லோரிடமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அக்காவின் கோட்டைச் சபையில் காட்டுவதைப் பார்க்க அன்றைய வகுப்புகளையெல்லாம் ரத்து செய்துவிட்டு வந்திருந்தான். அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று இவன் நினைத்தான். படியேறும்போது வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டான்.

ஆலை வக்கீல் கைபேசிக்குள்ளேயே பாதி ஆளாக இருந்தார். கணக்கு மனைவி பேரில் இருக்கிறதே என்று ஆரம்பித்தார்.

"அவங்க பேர்ல தொடங்கினது. அளந்தது நான்."

"எப்போதிலிருந்து?"

"ஆரம்பத்துலருந்து."

மச்சினன் நிமிர்ந்தான்.

வக்கீல் ஒரு படத்தை மேஜை மேல் தள்ளினார். அளவோடு தண்ணீரையும் படமெடுத்து ஏற்ற வேண்டும் என்பது விதி. நுரை மிதக்கிற கால்வாய், கரையில் கொஞ்சம் சேறு, மூலையில் ஒரு செருப்பின் முனை. நீல வார், பூப்போட்டது.

"இது உங்க செருப்பா சார்?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

"என் மனைவியோடது."

"அப்போ அவங்கதானே அங்கே நின்னு அளந்திருக்காங்க?"

"கூட வருவாங்க."

"வந்து என்ன செய்வாங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. மழைக்காலத்தில் அவள் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குவது அவனுக்கு நினைவு வந்தது. ஒரு கண்ணை மூடி, குழாய்க்குள் எட்டிப் பார்த்து, 'இரு, இரு, இன்னும் இருக்கு' என்று தனக்குள்ளேயே பேசிக்கொள்வாள்.

"சும்மா நிப்பாங்க," என்றான்.

மச்சினனின் வலது கால் தரையில் ஊன்றியது. எழுந்து கத்தப்போகிறான் என்று டாக்டர் நாற்காலியின் கையைப் பிடித்தார். அவன் கத்தவில்லை. எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு, வெளியே போனான்.

"அவங்க இன்னிக்கு வரலையா?" என்று அதிகாரி பரிவோடு கேட்டார்.

"இறந்துட்டாங்க மேடம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலும் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. செத்தவளைச் சொல்லிச் சபையின் வாயை அடைத்தாகிவிட்டது. டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.

*

உத்தரவு வந்தது. ஏழாம் இடத்தில் தெளிவு பழைய அளவுக்குத் திரும்பும் வரை சலவை ஆலையின் இரண்டாம் ஷிஃப்ட் நிறுத்தப்படுகிறது. பொதுமக்கள் அளந்த அளவை வைத்து எடுத்த முதல் நடவடிக்கை என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. டாக்டர் குழுவுக்குக் கேக் வெட்டினார். பல் டாக்டர் கேக் வாங்கித் தருவது வியாபாரத் தந்திரம் என்று யாரோ சொல்ல, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவன் ஒரு துண்டு வாங்கித் தின்றான்.

செயலியில் ஏழாம் இடத்தின் பேர் மாறியிருந்தது. முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை அவன் பேர். மேலே தள்ளிப் பார்த்தான். அவனுக்கும் மனைவிக்கும் முதன்முதலில் பெரிய சண்டை வந்த வாரம். அன்றைக்கு அவள் கோபத்தோடு போய் அளந்துவிட்டு வந்தாள். அதற்கும் அவன் பேர்.

மச்சினன் ஒரு சாயங்காலம் வந்தான். இவன் உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"அக்கா படம் ஒண்ணு எடுத்துக்கறேன்."

"எல்லாமே எடுத்துக்கோ."

"எல்லாம் எதுக்கு? அவ சும்மா நின்னவதானே. ஒரு படம் போதும்."

"தம்பி, அப்படிச் சொல்லலைன்னா அவ அளந்தது எல்லாம் அழிஞ்சிருக்கும்."

"இப்ப மட்டும் இருக்கா?"

அவனிடமாவது நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று வாளிக் கதையைச் சொன்னான். கண், நாலு விரற்கடை, கோடு எதனால் விழுந்தது, எல்லாம். சமாதானம் ஆவான் என்று நினைத்திருந்தான். பிரேக்கு சுவரில் சாய்ந்து கேட்டான். முகம் மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அப்ப ஆலை ஒண்ணும் புதுசா பண்ணல?"

"பண்ணல."

"உத்தரவு பொய்."

"ஆமா."

"அக்கா பேரையும் எடுத்து, பொய்யும் சொல்லி..."  பிறகு சின்னப் பிள்ளைபோல, "அவ சாதிச்சுட்டான்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன் மாமா. இப்ப என்னன்னு போய்ச் சொல்றது?" என்றான்.

 படத்தை எடுத்துக்கொண்டு பிரேக்கு போனான். அதற்குப் பிறகு அவன் போன் எடுப்பதில்லை.

*

உத்தரவின் கடைசிப் பத்தியை அவன் தாமதமாகத்தான் படித்தான். ஒப்பீடு கெடாமல் இருக்க, ஏழாம் இடத்தில் இனியும் அதே நபரே அளக்க வேண்டும். வேறு கண் கூடாது. பழைய அளவு என்று போட்டிருந்தது அவள் அளவு. அந்த அளவுக்குத் தண்ணீரைக் கொண்டுவர ஆலை வடிகட்டி போட்டாலும் சரி, குழாயையே மாற்றினாலும் சரி, பார்க்கப்போவது அவன் கண். நாலு விரற்கடை எப்போதும் இடிக்கும்.

கூட்டிப் போட்டுவிடலாம். அவள் பார்த்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதை எழுதலாம். எழுதினால் அன்றைக்கே அளவு தேறிவிடும், ஒரு பொட்டு அழுக்கும் குறையாமலே ஷிஃப்ட் திறந்துவிடும். எழுதாவிட்டால், தண்ணீர் பழையதைவிடத் தெளிந்தால் ஒழியத் திறக்காது.

அந்த வாரம் அவன் கால்வாய்க்குப் போனபோது கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஆலையின் பச்சை மேல்சட்டை, மார்பில் ஆலையின் முத்திரை. அவனையும் குழாயையும் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் அளக்கறவரா சார்? ரெண்டாவது ஷிஃப்ட்ல நான் விரிப்பு மடிக்கறவ. நூத்துச் சொச்சம் பேரு வீட்டுல உட்கார்ந்திருக்கோம்."

அவளிடம் கோபம் இல்லை. மருத்துவரிடம் ரிப்போர்ட் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "எவ்வளவு வந்தா எங்களை உள்ள விடுவாங்க?"

குழாயில் அந்த உயரத்தைக் காட்டினான். அவள் விரலை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

குவளையில் தண்ணீர் எடுத்து ஊற்றினான். வேலை குறைந்ததாலோ என்னவோ நுரை கொஞ்சம் மட்டுப்பட்டிருந்தது. குறி மங்கியது, மறைந்தது. நிறுத்தினான். அவள் விரல் வைத்த இடத்துக்கு நாலு விரற்கடை கீழே நின்றது தண்ணீர்.

"நானும் பார்க்கலாமா சார்?"

குழாயைக் கொடுத்தான். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தெரியுதே சார். அந்தக் கறுப்பு. நல்லாத் தெரியுது."

"எனக்குத் தெரியல."

"இன்னொருக்கா பாருங்க. வெளிச்சத்துக்கு நேரா நின்னு பாருங்க."

பார்த்தான். சாம்பல் நிறத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"தெரியலம்மா."

"எனக்குத் தெரியறதை எழுதக்கூடாதா?"

"அளக்கிற ஆள் நான்தான். வேற கண் கூடாதுன்னு உத்தரவு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏதோ திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கைபேசியை எடுத்து, தான் பார்த்த அளவைப் பார்த்தபடியே எழுதினான். ஒரு புள்ளி கூட்டவில்லை, குறைக்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இனி அவனுக்கு இல்லை. செயலி நன்றி சொன்னது.

அவள் குழாயைத் திருப்பித் தரவில்லை. குவளையில் மிச்சமிருந்த தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் தெரியுது சார்," என்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "இப்பவும் தெரியுது."